வெளுத்த படத்தில் உன் முகம்

இன்று காலை கடை திறந்த கையோடு ஒரு பெண் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்க வந்தாள். கண்ணாடி முன்னால் நின்று, அங்கே கிடக்கும் பவுடர் டப்பாவை எடுத்து உள்ளங்கையில் தட்டி முகமெல்லாம் அப்பிக்கொண்டாள். அந்த வாசனை கடை முழுக்கப் பரவியதும் நீ வந்து நிற்கிறாய் என்றே எனக்குத் தோன்றிவிட்டது. என் ஸ்டுடியோ பவுடரில் பாதியை நீதான் தீர்த்தாய். கஸ்டமருக்கு வைத்ததை இப்படிக் கொட்டுகிறாயே என்று நான் கத்தினால், நானும் கஸ்டமர்தானே என்று இன்னொரு தரம் தட்டிக்கொள்வாய்.

நல்ல சேதியை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் மற்றது எதுவும் உன் காதில் ஏறாது. உன் மகள் நித்யாவின் கல்யாணம் நல்லபடியாக முடிந்தது. சாப்பாட்டில் குறையில்லை. மாப்பிள்ளை வீட்டார் முகம் கோணவில்லை. உன் வீட்டுக்காரர் பட்டு வேட்டி கட்டிக்கொண்டு கல்யாணக் கூடமெல்லாம் ஓடினார், எதற்கென்று அவருக்கே தெரியாமல்.

அடுத்தது நீ திட்டப் போகிற விஷயம். உன்னைக் கேட்காமல் ஒரு காரியம் செய்துவிட்டேன். கேட்க வழியும் இல்லை. இருந்திருந்தால் நீ வேண்டாம் என்றுதான் சொல்லியிருப்பாய். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு அப்புறம் வாயைத் திற.

நாம் இரண்டு பேருமே தமிழ்நாட்டிலிருந்து கேரள எல்லைக்குள் இருக்கிற இந்த முதலமடைக்கு வாக்கப்பட்டு வந்தவர்கள். நான் ஆனைமலைப் பக்கம், நீ கிணத்துக்கடவுப் பக்கம். உன் வீட்டுக்காரர் மாங்காய் லோடு அடிக்கிற மினி லாரி ஓட்டினார். நீ ஆமினாக்காவின் ஷெட்டில் மாங்காய் தரம் பிரித்துப் பெட்டியில் அடுக்கினாய். எனக்கு வாய்த்தவர் ஸ்டுடியோக்காரர். அவர் எடுப்பார், எடுத்ததை நான் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து சரிசெய்வேன். குடும்பமும் உங்களுக்கு அப்படித்தானே நடக்குது என்று நீ கேட்டது அவருக்கு இன்றைக்கும் மறக்கவில்லை.

முதல் தடவை நீ வந்தது வில்லேஜ் ஆபீசில் அபேக்ஷை, நம் தமிழில் மனு என்போமே, அதைக் கொடுக்க. அதில் ஒட்டப் போட்டோ வேண்டும். எடுத்து முடித்ததும் வெளியே பெஞ்சில் உட்காரச் சொன்னால், நீ நேராக வந்து என் பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாய். திரையில் உன் முகம் வந்தது. ஒரு நொடி பார்த்தாய். பிறகு குரலைத் தாழ்த்தி, "சித்த வெளுக்க வையி அம்மிணி" என்றாய்.

வைத்தேன். கேட்டதைச் செய்து கொடுப்பதுதானே தொழில்? இங்கே வருகிறவர்களில் அதைக் கேட்காதவர் யார்? ஆனால் உன்னைப்போல் பக்கத்தில் உட்கார்ந்து அதிகாரம் செய்தவள் எவளும் இல்லை. இன்னும் சித்த, இன்னும் சித்த, ஐயோ மூக்குப் பக்கம் உட்டுட்டயே, நெத்தி மட்டும் என்ன பாவம் பண்ணுச்சு என்று என் தோளைத் தட்டிக்கொண்டே இருப்பாய். கடைசியில் திரையில் இருந்தது யாரென்று கடவுளுக்குத்தான் வெளிச்சம். வில்லேஜ் ஆபீஸ் கவுண்டரில் இருந்த சார் படத்தையும் உன்னையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, படத்தில் இருக்கிற சேச்சி வரவில்லையா என்று கேட்டாராம். அதை நீ வந்து சொல்லிச் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார்.

கறுப்பு என்பதற்காக நீ எங்கேயும் ஒடுங்கி நின்றவள் என்று யாரும் சொல்ல முடியாது. ஷெட்டில் உன் குரல்தான் மேலே கேட்கும். லோடு எடுக்க வருகிற வடக்கத்தி ஆட்களிடம் உனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் நீ போடுகிற சண்டையைப் பார்க்கவே ஆட்கள் நிற்பார்கள். கேமராவைக் கண்டால் மட்டும் உனக்கு என்னவோ ஆகிவிடும். விசேஷ வீடுகளில் என் வீட்டுக்காரர் கேமராவைத் தூக்கினால் போதும், அடுத்தவர் குழந்தையை வாங்கி முகத்துக்கு நேரே பிடித்துக்கொள்வாய். குழந்தை கிடைக்காவிட்டால் பந்தியில் உப்பு கேட்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு காணாமல் போய்விடுவாய். அவரும் ஊரில் எல்லாரையும் எடுத்துவிட்டேன், இந்த அம்மாவை மட்டும் பிடிக்க முடியவில்லை என்று அலுத்துக்கொள்வார்.

ஒரே ஒரு நாள்தான் அதற்குக் காரணம் சொன்னாய், அதுவும் தேங்காய் துருவிக்கொண்டே. உன் கல்யாணத்தன்று உன் அக்கா நல்லதுக்கென்று நினைத்து உன் முகத்தில் பவுடரும் கிரீமும் பூசிவிட்டார். கழுத்துக்கும் கைக்கும் பூசவில்லை. மேடையில் நீ உட்கார்ந்ததும், சாம்பலில் முகம் கழுவி வந்திருக்கிறாள் என்று யாரோ சொல்ல, முன் வரிசையே சிரித்தது. ஆல்பத்திலும் அப்படியே விழுந்தது. "மெசின்ல வெளுத்தா கழுத்தும் சேந்து வெளுக்குது பாரு அம்மிணி, அதான் எனக்கு உன்னைப் புடிக்குது" என்றாய். நான் சிரித்தேன். நீ சிரிக்கவில்லை.

போன வருஷம் மாமரம் பூத்து நிற்கிற சமயத்தில் நீ போய்விட்டாய். நெஞ்சு கரிக்கிறது என்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. அதைப்பற்றி நான் எழுதப் போவதில்லை, உனக்குத் தெரியாததா? உனக்குத் தெரியாதது அதற்கு அடுத்து நடந்தது.

ஜங்ஷனில் உனக்கு அஞ்சலி ஃபிளெக்ஸ் கட்டினார்கள். அவசரத்துக்கு உன் வீட்டில் கிடந்த பாஸ்போர்ட் போட்டோவைக் கொடுத்திருக்கிறார்கள், நான் வெளுத்தது. ஃபிளெக்ஸ் அடிக்கிற இடத்தில் பையன்கள் சும்மா இருப்பார்களா? அவர்கள் பங்குக்கும் வெளுத்து, உதட்டுக்குச் சிவப்பு ஏற்றி, பின்னால் நீல மேகத்தை வைத்துவிட்டார்கள். கீழே ரேஷன் கார்டில் மட்டும் இருக்கிற உன் பெரிய பெயர். ஆமினாக்கா ஸ்கூட்டரில் அதன் அடியிலேயே ஷெட்டுக்குப் போயிருக்கிறார். ஏதோ பெரிய வீட்டு அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டே போயிருக்கிறார். ஷெட்டில் உட்கார்ந்து, இவளுக்கு இன்றைக்கு என்ன கேடு, இன்னும் காணோமே என்று உன்னைத் திட்டிக்கொண்டிருந்தாராம். யாரோ போன் பண்ணி, அவரும் ஷெட்டுப் பெண்களும் ஓடி வந்தபோது எல்லாம் முடிந்துவிட்டது. உன்னைப் பார்க்கவே இல்லை அவர்கள். ஆமினாக்கா உன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து அழுதார்.

நித்யா அந்த ஃபிளெக்ஸை ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தாள். அப்புறம் அந்த வழியாகவே அவள் போகவில்லை, அது கழற்றப்படுகிற வரைக்கும்.

தை பிறந்ததும் அவளுக்கு இடம் அமைந்தது. பத்திரிகை அடிக்கக் கொடுத்த பிறகு, அவளும் உன் அக்காவும் கடைக்கு வந்தார்கள். கல்யாணத்துக்கு முதல் நாள் உன் படத்துக்கு முன்னால் புதுச் சேலை வைத்துக் கும்பிட வேண்டும். மறுநாள் அந்தப் படத்தை மேடைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு வைக்க வேண்டும். பெரிதாகப் பிரேம் போட்டுக் கொடு என்றார் உன் அக்கா. ஃபிளெக்ஸில் போட்ட அதே படம்தான்.

நித்யா தலையைக் குனிந்துகொண்டே, "அது எங்கம்மா இல்லீங்க பெரீம்மா. அதுக்கு முன்னால சேலை வெச்சுக் கும்புட எனக்கு மனசு வல்லீங்க" என்றாள்.

உன் அக்கா விடவில்லை. "உங்கம்மா ஆசப்பட்டு வெச்சுக்கிட்ட மொகம்டி அது. இருக்கறப்பத்தான் அவளை ஆளாளுக்குப் பேசுனாங்க. நாலு பேரு வார எடத்துல அவ அழகா இருக்கோணும்" என்றார். சொல்லி முடிப்பதற்குள் குரல் உடைந்துவிட்டது. சின்ன வயதிலிருந்து ஊரே அவரைச் சிவப்பு என்று கொண்டாடியதும், பக்கத்தில் உன்னை நிறுத்தி ஒப்பிட்டதும் அவரையும் குத்தியிருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் யார் பக்கம் நிற்பது? நித்யா கேட்டது நியாயம். உன் அக்கா சொன்னதும் பொய்யில்லை. ஸ்டூலில் உட்கார்ந்து இன்னும் சித்த, இன்னும் சித்த என்றது நீதானே? பார்க்கிறேன், இரண்டு நாள் பொறுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.

கம்ப்யூட்டரில் தேடினேன். வெளுத்ததை வெளுத்தபடியே சேமித்து வைத்திருந்தேன். எடுத்தபடி இருந்த படம் ஒன்றுகூட இல்லை. கடையில் எல்லாரும் செய்வது அதுதான், கொடுத்தாயிற்று, முடிந்தது என்று. நித்யாவின் போனில் நாலைந்து படம் இருந்தது. அந்தப் போன் என்னைவிட மோசம். யாரும் கேட்காமலே எல்லாரையும் வழவழவென்று வெளுத்து வைத்திருந்தது.

கடைசியில் பழைய ஹார்டு டிஸ்கில் ஒன்று அகப்பட்டது. உனக்கு ஞாபகம் இருக்கும். ஆமினாக்கா ஷெட்டில் சீசன் முதல் லோடு ஏறின நாள். என் வீட்டுக்காரர் ஷெட்டுக்குள்ளே இருட்டில் பெட்டிகளை எடுத்துக்கொண்டிருந்தார். உன்னைப் பார்க்க வந்த உன் அக்கா, வெயில் பட்டால் நிறம் குறைந்துவிடும் என்று வாசலில்கூடக் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நம் ஊர்க் காற்றைத்தான் தெரியுமே, ஒரே இழுப்பில் குடையைப் பூப்போல மேலே விரித்துவிட்டது. அவர் குடையோடு மல்லுக்கட்டுகிறார், நீ மாங்காய்ப் பெட்டியைப் பிடித்துக்கொண்டு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரிக்கிறாய். அன்றைக்குத்தான் நீ கேமராவை மறந்தாய். என் வீட்டுக்காரர் பிடித்தேன் என்று பாய்ந்து வந்து அமுக்கினார். எங்கே, ஷெட்டு இருட்டுக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமல் உச்சி வெயிலில் அமுக்கினார். வெளிச்சம் கூடிப்போய்ப் படம் முழுக்க வெள்ளை. வானம் இல்லை, ஷெட்டு இல்லை, சுண்ணாம்புச் சுவரில் இரண்டு நிழல் தெரிவதுபோல் நீங்கள் இரண்டு பேர். சே என்று அவர் தலையில் அடித்துக்கொண்டது எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. அதை எப்படியோ அழிக்காமல் விட்டிருக்கிறார்.

திறந்து வைத்தேன். இது தேறாது என்றார் அவர், என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்து. எனக்கும் நம்பிக்கையில்லை. எங்கள் வேலையில் இருட்டாக விழுந்த படத்தைக்கூட ஒருவாறு தூக்கிவிடலாம். முழுக்க வெள்ளையாகிப் போன இடத்தில் ஒன்றுமே இருக்காது. வெளிச்சத்தைக் குறைத்தால் அந்த வெள்ளை சாம்பலாக மாறும், அவ்வளவுதான். கண்ணும் மூக்கும் அதிலிருந்து வராது.

முதலில் மொத்த வெளிச்சத்தையும் இறக்கினேன். வானம் சாம்பலாயிற்று. சுவர் சாம்பலாயிற்று. உன் அக்காவின் முகமும் அப்படியே சாம்பலாயிற்று. குடைக்குக் கீழே ஒரு வட்டம், அதில் ஒரு பொட்டு. பாவம், சிவப்பு நிறம் முழுக்க வெயிலோடு போய்விட்டது. அதற்குப் பக்கத்தில் என்னவோ அசைகிறதுபோல் இருந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். உன் புருவம்.

படத்தில் இருக்கிற நிறங்களைச் சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கிற வசதி உண்டு. சிவப்பில் உன் நெற்றியும் கன்னமும் கரைந்திருந்தன. பச்சையைத் திறந்தேன். அதில் நீ முழுசாக இருந்தாய். சுருங்கின கண், மூக்குத்தி, மேல்வரிசையில் சற்று ஏறியிருக்கிற உன் பல், தாடைக்குக் கீழே அந்த மச்சம், எல்லாம். உன் தோல் கறுப்பாக இருந்ததால்தான் அத்தனை வெளிச்சமும் உன்னை அழிக்க முடியவில்லை. வெள்ளையெல்லாம் போய், நீ மட்டும் நின்றிருக்கிறாய். நான் வாய்விட்டு அழுதுவிட்டேன். கடையில் மீசையைச் சரிசெய்துகொண்டிருந்த ஒரு கஸ்டமர் பயந்து வெளியே போய்விட்டார்.

அப்புறம் வேலை சுலபம். பச்சையை அடியாக வைத்து, மற்ற நிறங்களைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினேன். உன் நிறம் எனக்கு மனப்பாடம். ஊறப் போட்ட புளியங்கொட்டை நிறம் என்று நான் கேலி செய்ததும், வறுத்த கொட்டைன்னு சொல்லு, வாசமாவது இருக்கும் என்று நீ திருப்பிச் சொன்னதும் ஞாபகம் வந்தது. முகத்தைக் கொண்டுவந்துவிட்டு எட்ட நின்று பார்த்தேன். அப்போதுதான் உன் குரல் காதில் விழுந்தது. இன்னும் சித்த வெளுக்க வையி அம்மிணி.

மவுஸில் கை இருந்தது. ஓர் இழுப்பு இழுத்தால் போதும். நீ கேட்டு நான் இல்லையென்று சொன்னதே கிடையாது. நான் என்ன செய்ய? உன் ஆசையா, உன் மகள் ஆசையா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அப்புறம் படத்தில் நீ சிரிப்பதையே பார்த்தேன். அந்தச் சிரிப்பில் நிறத்தைப்பற்றிய நினைப்பே இல்லை. அந்த ஒரு நொடிக்கு உனக்கே அது மறந்திருக்கிறது. கையை எடுத்துவிட்டேன்.

சேலையின் நிறம் மட்டும் போனது போனதுதான். என்ன நிறம் என்று உன் வீட்டுக்காரரைக் கேட்டால் ரோஸ் என்கிறார். நித்யா மாம்பழ மஞ்சள் என்கிறாள். உன் அக்கா, தான் எடுத்துக் கொடுத்த இளநீலம் என்று சத்தியம் செய்கிறார். நீ வந்து சொன்னால்தான் உண்டு. நான் வெள்ளையாகவே விட்டுவிட்டேன்.

நித்யாவிடம் காட்டினேன். அவள் திரையில் உன் தாடை மச்சத்தைத் தொட்டுப் பார்த்தாள். "இதேதானுங்க சித்தி" என்று மட்டும் சொன்னாள். உன் வீட்டுக்காரர் கதவருகிலேயே நின்று பார்த்துவிட்டு, வண்டியில் லோடு இருக்கிறது என்று வெளியே போனார். வண்டியில் லோடு இல்லை, எனக்குத் தெரியும்.

எனக்குப் பயமெல்லாம் உன் அக்காதான். படத்தைப் பெரிதாக்கி வைத்தேன். முதலில் அவர் தன்னைத்தான் தேடினார். நான் எங்கே என்றார். குடைக்குக் கீழே இருந்த சாம்பல் வட்டத்தைக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டார், குலுங்கினார். அழுகிறார் என்று நினைத்துக் கையைப் பிடிக்கப் போனால், சிரிக்கிறார். "கொடை புடிச்சு நின்ன நான் காணாமப் போயிட்டேன். நீ நின்னுட்டயேடி கருப்பி" என்று உன் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்கப்புறம்தான் அழுதார். இதையே பிரேம் போடு, ஆனால் என்னை வெட்டிவிடு என்றார். நித்யா கூடாது என்றுவிட்டாள். குடையும் சாம்பலுமாக அவரும் உன் பக்கத்தில் இருக்கிறார்.

கல்யாணத்தன்று காலையில் மேக்கப் போடப் பொள்ளாச்சியிலிருந்து ஒரு பெண் வந்திருந்தாள். நித்யா உன் நிறம்தானே. அந்தப் பெண் ஒரு டப்பாவைத் திறந்து கையில் தொட்டு வைத்துப் பார்த்தாள், நல்ல கோதுமை நிறத்தில். நான் வாயைத் திறப்பதற்குள் நித்யாவே பேசினாள். "அது வேண்டாமுங்க. வெளிய எங்கம்மா படம் வெச்சிருக்குது, ஒருக்கா போய்ப் பாத்துட்டு வாங்க. அதும் பக்கத்துல நின்னா நான் அவுங்க புள்ளைன்னு தெரியோணும்."

அந்தப் பெண் போய்ப் பார்த்துவிட்டு வந்து, பெட்டியின் அடியில் கிடந்த வேறொரு டப்பாவை எடுத்தாள். கழுத்துக்கும் கைக்கும் சேர்த்தே போட்டாள், நான் பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டேன். நித்யா மேடை ஏறினபோது முன் வரிசையில் யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கட்டும் பார்க்கலாம் என்று நானும் உன் அக்காவும் ஆளுக்கொரு பக்கம் நின்றிருந்தோம் என்பது வேறு விஷயம்.

ஆமினாக்கா ஷெட்டுப் பெண்களோடு வந்தார். வாசல் தாண்டினதும் நேராக உன் நாற்காலிக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார்கள். யாரும் அவர்களுக்கு இன்னார் என்று சொல்லவில்லை. "வேலைக்கு வராம இங்கதான் உக்காந்திருக்கயா புள்ளெ" என்று ஆமினாக்கா உன்னைக் கேட்டார். உன் கடைசி நாளில் பார்க்க முடியாத முகத்தை எல்லாருமாக நின்று அவ்வளவு நேரம் பார்த்தார்கள். பந்திக்குக் கூப்பிட்டும் போகவில்லை.

இதுதான் நான் செய்தது. இப்போது திட்டு. கேட்டதைச் செய்யவில்லை, சிநேகத்துக்குத் துரோகம் பண்ணிவிட்டாய் என்று என்ன வேண்டுமானாலும் சொல். நான் ஒன்றும் வருத்தப்படப் போவதில்லை. இன்றைக்கு வந்த பெண்ணும் என் ஸ்டூலில் உட்கார்ந்து வெளுக்க வைக்கச் சொன்னாள். வைத்துத்தான் கொடுத்தேன், அவள் முகம், அவள் இஷ்டம். உன் விஷயம் அப்படி இல்லை. ஸ்டூலில் உட்கார்ந்து நீ வெளுத்து வாங்கிப் போன அந்த அம்மாளை எனக்குத் தெரியாது. அவளோடு நான் ஒரு டீ குடித்ததில்லை, ஒரு சண்டை போட்டதில்லை. எனக்குப் பழக்கமானவள் இந்தக் கறுப்பிதான். பார்க்க ஏங்குவதும் இவளைத்தான்.